வென்றபின் வருந்திய வேந்தர்

போரில் தோற்ற அரசர் தம் பிழையை எண்ணி வருந்துதல் உலகியற்கை. வென்ற அரசரோ விழா எடுப்பார், புலவரைக் கொண்டு பரணி பாடுவிப்பார், வெற்றித்தூண் நாட்டுவார். பகைவர் நாட்டில் எத்துணை உயிர்கள் மாய்ந்தன என்பதையும் தம் வீரத்தின் அளவுகோலாகவே கல்லில் பொறிப்பார். இவ்வழக்கிற்கு முற்றிலும் மாறாக, வென்றபின் தம் வெற்றியே பிழையென உணர்ந்து, அவ்வுணர்வைத் தம் வாயாலேயே உலகறியக் கல்லில் வெட்டுவித்த மன்னர் ஒருவர் நம் பாரத நாட்டில் வாழ்ந்தார். அவரே மௌரியப் பேரரசர் அசோகர். நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரைக் கையிலேந்தும் அன்பர்களுக்கும், சிறப்பாக நம் குடும்பங்களின் மாணவச் செல்வங்களுக்கும், அப்பெருமகனாரின் வரலாற்றை நாம் கற்றறிந்த அளவில் ஈண்டுக் கூற விழைகின்றோம்.

இளமையும் முடியும்

அலெக்சாந்தர் இந்தியாவை விட்டு நீங்கிய சில ஆண்டுகளில் மகத நாட்டில் ஆட்சியைக் கைப்பற்றியவர் சந்திரகுப்த மௌரியர். அவர் மகன் பிந்துசாரர். பிந்துசாரரின் மகனே அசோகர். கங்கைக் கரையில் இன்று பாட்னா என வழங்கும் பாடலிபுத்திரம் அவர்தம் தலைநகராய் விளங்கியது. இளவரசராய் இருந்தபோது அசோகர் உச்சயினியில் ஆளுநராய் அமர்ந்திருந்தார் என்றும், ஆங்குச் செல்லும் வழியில் விதிசை நகரத்து வணிகர் மகளாகிய தேவியை மணந்தார் என்றும், அவர்தம் மக்களே பிற்காலத்தில் இலங்கைக்கு அறவழி கொண்டு சென்ற மகிந்தரும் சங்கமித்திரையும் என்றும் இலங்கை வரலாற்று நூல்கள் கூறும்.

பிந்துசாரர் மறைந்தபின், ஏறத்தாழ கி.மு. 268-இல், அசோகர் அரசுரிமை எய்தினார். முடிக்காகத் தம் உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்றார் என்ற கதையும் அந்நூல்களில் உண்டு. ஆயின் அசோகருடைய கல்வெட்டு ஒன்றில் அவர்தம் உடன்பிறந்தார் இல்லங்களைப் பற்றிய குறிப்பு வருகின்றது. ஆதலின் அக்கதையை அப்படியே கொள்வதற்கில்லை. அறவோராய் மாறிய பின்னைய வாழ்வு ஒளி பெறும் பொருட்டு முன்னைய வாழ்வைக் கரிய மையால் தீட்டுவது கதை சொல்வோர் இயல்பு. ஆனால் அசோகரின் மெய்யான பிழையைக் கூற எந்தக் கதாசிரியரும் தேவைப்படவில்லை. அதனை அவரே கூறியுள்ளார்.

கலிங்கப் போர்

கலிங்கம் என்றவுடன் தமிழராகிய நம் நினைவிற்கு வருவது செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியே. முதற் குலோத்துங்க சோழனின் படை, கருணாகரத் தொண்டைமான் தலைமையில், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தை வென்ற செய்தியை அந்நூல் பாடுகின்றது. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேல் பரணி பாடுவது தமிழ் மரபு. நம் பள்ளிப் பிள்ளைகள் அதனைப் பெருமிதத்தோடு படிக்கின்றனர். அதே கலிங்க மண்ணில், அப்போருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே, வேறொரு பெருவேந்தரும் போர் தொடுத்து வெற்றி கண்டார். அவ்வெற்றிக்குப் பரணி எழவில்லை, இரங்கலே எழுந்தது.

மகாநதிக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட கடற்கரை நாடே பண்டைக் கலிங்கம். இற்றை ஒடிசாவும் ஆந்திரத்தின் வடபகுதியும் அதில் அடங்கும். கங்கைச் சமவெளியிலிருந்து தென்னாட்டிற்குச் செல்லும் கீழைக் கடற்கரைப் பெருவழி அந்நாட்டினூடே சென்றது. துறைமுகங்களும் அந்நாட்டார் கையில் இருந்தன. சுற்றிலும் மௌரியர் ஆணை செல்ல, கலிங்கம் மட்டும் தனியரசாய்த் தலைநிமிர்ந்து நின்றது. பேரரசர் கண்ணுக்கு இஃது உறுத்தலாய் இருந்ததில் வியப்பில்லை. முடிசூடிய எட்டாம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 261-இல், அசோகர் கலிங்கத்தின்மேல் படையெடுத்து அதனைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டார்.

கல்லில் எழுதிய கணக்கு

அசோகரின் பதினான்கு பெரும்பாறைக் கல்வெட்டுகளுள் பதின்மூன்றாவது இப்போரைப் பற்றியது. ஒன்றரை இலட்சம் மக்கள் சிறைப்பிடித்துக் கொண்டு செல்லப்பட்டனர் என்றும், ஓர் இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், அதனினும் பன்மடங்கினர் மடிந்தனர் என்றும் அதில் அவர் கணக்குக் கூறுகின்றார்.

அலுவலகத்தில் அன்றாடம் கணக்கெழுதிப் பழகிய நமக்கு இவ்வெண்களை வெறுமனே படித்துச் செல்ல மனம் வரவில்லை. கலிங்க மன்னனிடம் 60,000 காலாட்களும், 1,000 குதிரை வீரரும், 700 யானைகளும் இருந்தன என்று, கிரேக்கத் தூதர் மெகசுதனீசு கொண்டு சென்ற செய்திகளின் வழியே, உரோமானிய அறிஞர் பிளினி குறித்துள்ளார். இது போருக்கு ஒரு தலைமுறை முற்பட்ட செய்தி. படை பின்னர்ப் பெருகியிருக்கலாம். இருமடங்கே ஆகியிருந்தது எனினும், மாண்டோரையும் கொண்டு செல்லப்பட்டோரையும் கூட்டிப் பார்த்தால் அப்படையினும் மிகுகின்றது. எனவே வாளேந்தியவர் மட்டும் மாளவில்லை. ஏர் உழுதவரும், தறி நெய்தவரும், வலை வீசியவரும், அவர்தம் பெண்டிர் பிள்ளைகளும் அக்கணக்கில் அடங்கியுள்ளனர் என்பது தெளிவு. பன்மடங்கினர் என்று எண் கூறாது விடப்பட்டோர், போரின் பின்னே வரும் பசிக்கும் பிணிக்கும் இரையானவர் போலும்.

அசோகர் எண்ணிக்கையோடு நிறுத்தவில்லை. யார் யார் துன்புற்றனர் என்பதையும் கூறுகின்றார். தாய் தந்தையரைப் பேணியவர், ஆசிரியரையும் பெரியோரையும் மதித்தவர், நண்பரிடமும் உறவினரிடமும் ஏவலரிடமும் நல்லவண்ணம் நடந்துகொண்டவர் ஆகிய நன்மக்கள் கலிங்கத்தில் வாழ்ந்தனர் என்றும், அத்தகையோரே காயத்திற்கும் சாவிற்கும் பிரிவிற்கும் ஆளாயினர் என்றும் எழுதுகின்றார். தமக்கு ஒரு தீங்கும் நேராது தப்பியவரும், தம் அன்புக்குரியோர் பட்ட துயரால் தாமும் புண்பட்டனர் என்கிறார். கலிங்கத்தில் மடிந்தோருள் நூற்றில் ஒரு பங்கினர், அன்றி ஆயிரத்தில் ஒரு பங்கினர் இனித் துன்புறினும், அது தமக்குப் பொறுத்தற்கரியது என்பது அவர் கருத்து. பகைவரை அரக்கர் என்றும் அறமற்றோர் என்றும் தூற்றுதலே போர் செய்வோர் வழக்கம். தாம் அழித்தவர் நல்லவர் என்று வென்றவரே சான்று பகர்வது எத்துணை அரிது!

இங்கு வாசகர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இப்போரைப் பற்றி இலங்கையின் வரலாற்று நூல்கள் வாய் திறக்கவில்லை. ஓர் இளந்துறவியின் அடக்கத்தைக் கண்டு அசோகர் மனம் திரும்பினார் என்றே அவை கூறுகின்றன. புராணங்களின் அரசர் பட்டியல்கள் ஆட்சியாண்டைச் சொல்லி அமைகின்றன. ஆகவே, அசோகர் தாமே எழுதி வைத்திராவிடில், ஓர் இலட்சம் பேரைப் பலிகொண்ட அப்போரை இன்று நாம் அறிய வழியில்லை. வழக்கு மன்றத்தில் குற்றவாளியே தமக்கு எதிரான ஒரே சாட்சியாய் வந்து நின்றதற்கு ஒப்பானது இது.

அச்சாட்சியமும் நெடுங்காலம் படிப்பாரின்றிக் கிடந்தது. பிராமி எழுத்தை மக்கள் மறந்துவிட்டனர். 1837-ஆம் ஆண்டு சேம்சு பிரின்செப் என்னும் ஆங்கில அறிஞர் அவ்வெழுத்தைப் படித்துக் காட்டினார். கல்வெட்டுகளில் மன்னர் பெயர் தேவனாம்பிரியர், பிரியதரிசி என்றே பெரும்பாலும் வந்தமையால், அவர் யாவர் என்ற ஐயம் எழுந்தது. இலங்கை நூல்களின் துணையால் அவர் அசோகரே எனத் துணியப்பட்டது. ஐதராபாத்து அரசிலிருந்த மாஸ்கியில் 1915-இல் கண்டெடுத்த கல்வெட்டு அசோகர் என்னும் பெயரையே தாங்கி நின்று அதனை உறுதி செய்தது.

திருந்திய ஆட்சி

வருந்துதல் எளிது, திருந்துதல் அரிது. அசோகரின் பின்னாள் ஆட்சியே அவர் வருத்தத்தின் உண்மைக்குச் சான்று. அரண்மனை அடுக்களையில் முன்னர் நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் கொல்லப்பட்டன. பின்னர் அவை இரண்டு மயில்களும் ஒரு மானும் என்ற அளவிற்குக் குறைந்தன. அம்மானும் எந்நாளும் இல்லை என்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படா என்றும் கல்வெட்டில் அறிவித்தார். முழுதும் நிறுத்திவிட்டேன் என்று பொய்ப்பெருமை பேசாது, எஞ்சியிருந்த மூன்றையும் மறைக்காமல் எழுதிய நேர்மையை நோக்குக. மற்றொரு கல்வெட்டில், பௌத்த நெறியை மேற்கொண்ட பின்னும் ஓராண்டுக் காலம் தாம் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கின்றார். பேரரசர் ஒருவர் தம் சோம்பலைத் தம் குடிகளுக்குக் கல்லில் அறிவித்த செய்தி வேறெங்கும் நாம் படித்ததில்லை.

வேட்டைப் பயணங்களை விடுத்து அறப்பயணங்களை மேற்கொண்டார். தாம் உணவருந்தும் வேளையிலும், அந்தப்புரத்தில் இருக்கும் வேளையிலும் குடிமக்கள் குறையைத் தம்மிடம் தெரிவிக்கலாம் என ஆணையிட்டார். வழிதோறும் கிணறு தோண்டுவித்தார், மரம் நடுவித்தார். மக்களுக்கும் கால்நடைகளுக்கும் மருத்துவ வசதி செய்வித்தார்.

இம்மருத்துவப் பணியைக் கூறும் இரண்டாம் பாறைக் கல்வெட்டில்தான் தமிழர் நெஞ்சம் மகிழும் செய்தி உள்ளது. அசோகரின் ஆணைக்கு உட்படாத அண்டை நாடுகளிலும் அப்பணி நடைபெற்றது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளும் இலங்கையும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பெறுகின்றன. சத்தியபுத்திரர் யாவர் என்று அறிஞர்கள் நெடுநாள் வழக்காடினர். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கிடைத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரர் எனக் குறித்து அவ்வழக்கைத் தீர்த்தது. கேரளபுத்திரர் நம்மை வாழவைக்கும் இச்சேர நாட்டார். மோரியர் தேர் செல்ல மலையை வெட்டி வழி செய்த செய்தி நம் சங்கப் பாடல்களில் வருகின்றது. அத்தேர்ப்படையை எண்ணி அஞ்சிய தென்னாட்டிற்கு, கலிங்கப் போருக்குப் பின் வந்தவை மருந்துச் செடிகள்! ஒருவர் தம் பிழையை உணர்ந்ததால், அவர் பிழை செய்யாத நாட்டாரும் பயன் பெற்றனர்.

ஒப்புதலில் ஒரு குறை

இதுகாறும் கூறியவை அசோகரின் பெருமை. உண்மை வரலாறு கூறப் புகுந்த நாம் மற்றொன்றையும் மறைத்தல் முறையன்று. போரைப் பற்றிய பதின்மூன்றாம் கல்வெட்டு இமயத்தின் அடியில் கால்சியில் உள்ளது. இன்று பாகித்தானைச் சேர்ந்த சாபாசுகடியிலும் மான்சேராவிலும் உள்ளது. மட்டாஞ்சேரியில் நம் அண்டை வீட்டாராய் வாழும் குஜராத்தி அன்பர்களின் சொந்த நாட்டிலே, கிர்நார் மலையடியில் உள்ளது. சென்னையிலிருந்து பம்பாய் செல்லும் இருப்புப்பாதையில் குத்தி சந்திப்பிற்கு அருகிலுள்ள எர்ரகுடியிலும் உள்ளது. ஆனால் எந்த நாட்டார்க்குத் தீங்கு இழைக்கப்பட்டதோ அந்தக் கலிங்கத்தில் அஃது இல்லை!

பூரிக்குச் செல்லும் தௌலி விரைவு வண்டியை இரயில்வே ஊழியர் பலரும் அறிவர். புவனேசுவரத்திற்குத் தெற்கே, தயா ஆற்றின் அருகே உள்ள தௌலி குன்றின் பெயரே அவ்வண்டிக்கு இடப்பட்டது. அக்குன்றில், பாறையினின்று வெளிப்படுவது போன்ற யானை உருவத்தின் கீழ், அசோகரின் ஆணைகள் பொறிக்கப்பட்டுள்ளன. கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் அவ்வாறே. இவ்விரண்டிடங்களிலும் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று ஆகிய கல்வெட்டுகளை விடுத்து, அவற்றிற்கு ஈடாகக் கலிங்கத்திற்கெனத் தனியே எழுதிய இரண்டு ஆணைகளைப் பொறித்தனர். குடிகள் யாவரும் தம் பிள்ளைகளே என்றும், காரணமின்றி எவரையும் சிறையிடலாகாது என்றும், பொறாமையும் சினமும் சோம்பலும் இன்றி நீதி வழங்க வேண்டும் என்றும் அவ்வாணைகள் அதிகாரிகளுக்கு அறிவுறுத்துகின்றன. முறை தவறாது நடக்கின்றதா எனக் காண ஐந்தாண்டுக்கு ஒரு முறை அலுவலரை அனுப்புவதாகவும் மன்னர் உறுதி கூறுகின்றார்.

ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று அவர் கருதியிருத்தல் கூடும் என்பர் அறிஞர். கலிங்க மக்களுக்கு வேண்டியது மன்னரின் கண்ணீர் அன்று, நேர்மையான அதிகாரிகளே என்று வாதிடலும் கூடும். அதிலும் உண்மை உண்டு. ஆயினும் இழைத்த தீங்கை உலகிற்கெல்லாம் எடுத்துரைத்து, தீங்குற்றவரிடம் மட்டும் உரையாது விடுதல் முழுமையான ஒப்புதல் ஆகாது என்பதே நம் கருத்து. கணவனை இழந்த கலிங்கத்துப் பெண்ணொருத்தி, தன் கணவன் நல்லவன் என்று பேரரசரே எழுதியிருப்பதை அறியாமலே மறைந்திருப்பாள் அல்லவா? கலிங்கம் அந்நாட்டாரிடம் திருப்பித் தரப்படவில்லை. கொண்டு செல்லப்பட்ட ஒன்றரை இலட்சம் பேர் ஊர் திரும்பியதாகக் கல்வெட்டில் செய்தியும் இல்லை. வருத்தம் தெரிவிக்கும் அதே கல்வெட்டில், அடங்காத காட்டுக்குடியினர்க்குத் தம் வலிமையை நினைவூட்டி எச்சரிக்கையும் விடுக்கின்றார். மரண தண்டனையும் நின்றுவிடவில்லை. தண்டனை பெற்றோர்க்கு மூன்று நாள் தவணை தரும் சலுகையே பின்னாளில் வந்தது. பேரரசர் மனம் மாறிற்று, பேரரசு மாறவில்லை.

பிற்காலத் தலைவர்கள்

இக்குறைகளுக்குப் பின்னும் அசோகரின் இடம் உயர்ந்ததே என்பது, அண்மைக் காலத் தலைவர்களோடு ஒப்பிட்டு நோக்கின் விளங்கும். 1962-இல் சீனப் படை எல்லையைக் கடந்தபோது, உலக நடப்பை உள்ளவாறு உணராமல் நாமே படைத்துக்கொண்ட ஒரு சூழலில் வாழ்ந்துவிட்டோம் என்ற கருத்தைத் தலைமையமைச்சர் நேரு வெளிப்படையாகவே கூறினார். இக்கேரள மண்ணில் பிறந்த பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருட்டிண மேனன் அவ்வாண்டு நவம்பரில் பதவி துறந்தார். நேருவின் ஒப்புதல் பெருந்தன்மை உடையதே. எனினும் அது படை தோற்றுக்கொண்டிருந்தபோது எழுந்தது.

அமெரிக்க நாட்டில் 1961 முதல் 1968 வரை பாதுகாப்புத் துறைச் செயலராய் இருந்து வியட்நாம் போரை நடத்தியவர் இராபர்ட் மக்னமாரா. மக்களின் வெறுப்புக்கு ஆளான அப்போரில் அமெரிக்க வீரர் ஏறத்தாழ 58,000 பேரும், வியட்நாமியர் பல இலட்சக் கணக்கினரும் மாண்டனர். தாமும் தம் தோழர்களும் பெரும் பிழை செய்துவிட்டதாக அவர் 1995-இல் ஒரு நூல் எழுதி ஒப்புக்கொண்டார். பதவி நீங்கி அப்போது இருபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. பதவியில் இருந்த நாளிலேயே இதனைக் கூறியிருந்தால் எத்தனை தாய்மார் மக்களை இழவாதிருப்பர் என்று அந்நாட்டினர் பலர் கேட்டனர்.

தோல்வி வந்தபின் தலைவர்கள் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் கணக்குப் பிழையை. பகைவர் வலிமையைத் தவறாக மதிப்பிட்டோம் என்பதை. அசோகரின் கணக்கில் பிழை இல்லை, எண்ணியது எய்தினார். அரியணையில் இருந்துகொண்டே, வற்புறுத்துவார் ஒருவரும் இன்றி, அவ்வெற்றியே பிழை என்றார். தம் மக்களும் மக்களின் மக்களும் புதிய வெற்றிகளை விரும்பாதிருக்கும் பொருட்டே இதனை எழுதியதாகவும் கூறினார்.

மறைவும் நிலைபேறும்

ஏறத்தாழ கி.மு. 232-இல் அசோகர் மறைந்தார். அரைநூற்றாண்டு கழியுமுன் மௌரிய அரசு வீழ்ந்தது. அவர் போரை வெறுத்ததே அவ்வீழ்ச்சிக்குக் காரணம் என்பாரும் உளர். அவர் படையைக் கலைத்ததற்குச் சான்றில்லை என்று மறுப்பாரும் உளர். கலிங்கம் மீண்டும் தன்னரசு பெற்றது. காரவேலன் என்னும் அதன் மன்னன் மகதத்தின்மேலேயே படையெடுத்ததைப் புவனேசுவரத்திற்கு அருகிலுள்ள அத்திகும்பா கல்வெட்டு கூறுகின்றது. வாளால் வென்றது நில்லாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அசோகர் நாட்டிய தூண்களோ நிலைத்தன. சாரநாத்தின் நான்கு சிங்கத் தலைப்பு 1950 சனவரி 26 முதல் நம் அரசின் இலச்சினையாய் விளங்குகின்றது. இருபத்து நான்கு ஆரங்கள் கொண்ட அறவாழி 1947-இல் நம் கொடியில் ஏறியது. நம் கைகளில் நாளும் புழங்கும் நாணயங்களில் உள்ள சிங்கங்களைக் காணும்போது, அவற்றை நமக்கு விட்டுச் சென்றவர் தம் வெற்றிக்காக வருந்தியவர் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்.

கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் யூதர் தொழுகைக்கூடமும் சமணர் ஆலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் மட்டாஞ்சேரியில் பிழைப்பை நாடி வந்து வேரூன்றியவர்கள் நாம். பல மொழியினர் நெருங்கி வாழும் தெருக்களில் பூசல் எழாதிருக்க வழியில்லை. எழுந்தபின், வென்றவர் முன்வந்து தம் பிழையைக் கூறும் தெருவே நிலைத்து வாழும். பெற்றோர் பிள்ளைகளிடமும், மேலோர் கீழோரிடமும், பெருந்தொகையினர் சிறு தொகையினரிடமும் அவ்வாறு கூறுதல் இழுக்கன்று. ஒன்று மட்டும் நினைவில் நிற்கட்டும்: கிர்நாரில் எழுதிவிட்டுத் தௌலியில் விட்டுவிடுதல் கூடாது. புண்பட்டவரின் வாயிலுக்கே சென்று அதனைக் கூறுவோமாயின், மாமன்னர் அசோகர் செய்யாது விட்ட ஒன்றை எளிய குடும்பத்தினராகிய நாம் செய்தவர்கள் ஆவோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க அறம்!